செவன் எய்ட்ஸ் எவ்வளவு, சுஷ்மா?

வடிவு: ...போதும் அண்ணாச்சி. அண்ணன் மவளுக்கு வக்கீலா வராதீங்க. செவன் எய்ட்ஸ் கேட்டா, செவன் ஒன்ஸ்லருந்து ஆரம்பிக்கா. இவ எட்டுக்கு வாரதுக்குள்ள குழாயில தண்ணி வந்து நின்னும் போயிருது!

இசக்கிராஜ்: சின்னப்புள்ளதான டீச்சர்... மெதுவா வரட்டும். பிறவு, என்னப் போயி அண்ணாச்சின்னு எதுக்குக் கூப்பிடுதீங்க?

வடிவு: பேச்ச மாத்தாதீங்க. திங்கக்கிழமை ஸ்கூல்ல ஓரல் டெஸ்ட். கேட்ட உடனே பதில் வரலன்னா, டியூஷன நிறுத்திட்டு சயான் ஸ்டேஷன்கிட்ட இருக்க பெரிய கோச்சிங் கிளாஸ்ல போட்டுருவேன்னு இவ அம்மை போன் பண்ணுனாவ.

இசக்கிராஜ்: சயானா? மதினி எங்கிட்ட ஒண்ணுமே...

வடிவு: நல்லா முழிங்க. ஏட்டி சுஷ்மா, இங்க வா. செவன் எய்ட்ஸ்?

சுஷ்மா: செவன் ஒன்ஸ் ஆர் செவன்... செவன் டூஸ் ஆர்...

வடிவு: பாத்தீங்களா! நேத்து சந்துல சஃப்ரீனோட விளையாடும்போது மட்டும், 'சாத் அட்டே சப்பன்'னு பட்டாசு மாதிரி வெடிச்சா. இந்தியில யாரு சொல்லிக்குடுத்தது?

இசக்கிராஜ்: அது... நம்ம தையல் கார்கானால. சட்டைக்கு ஏழு பட்டன், எட்டு சட்டைக்கு எவ்வளவுன்னு கேப்பேன். தைக்கிறவங்க எல்லாம் உ.பி. ஆளுங்க. அவங்க இந்தியிலதான எண்ணுதாங்க.

வடிவு: அப்ப தெரிஞ்ச கணக்குதான்! சப்பன்னா ஃபிப்டி சிக்ஸ். முடிஞ்சுது. நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்துதேனே, லூசா?

இசக்கிராஜ்: கோவப்படாதீங்க... புள்ள குழம்பிருக்கும்...

வடிவு: நீங்க சும்மா இருங்க. சுஷ்மா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. சிக்ஸ் நைன்ஸ்?

சுஷ்மா: ஃபிப்டி ஃபோர்.

வடிவு: எய்ட் நைன்ஸ்?

சுஷ்மா: செவன்டி டூ.

வடிவு: செவன் எய்ட்ஸ்?

சுஷ்மா: ஃபிப்டி சிக்ஸ்! போர் அடிக்குது மேம்.

வடிவு: அடிப்பாவி! பிறவு எதுக்குட்டி இத்தன நாளா...

இசக்கிராஜ்: சுஷ்மா, செருப்பப் போடு. போலாம்.

சுஷ்மா: சித்தப்பாதான் மேம் ஒன்லேர்ந்தே சொல்லச் சொன்னாங்க. ஃபாஸ்டா சொன்னா டியூஷன் பந்த் ஆயிருமாம். அப்புறம் டெய்லி இங்க வர முடியாதாம்.

இசக்கிராஜ்: டீச்சர்... தப்புதான். நேரா வந்து கேக்க வாய் வரல. ஆனா ஓரல்ல டக்குன்னு சொல்லிரணும்னு புள்ளைட்ட சொல்லித்தான் வச்சிருக்கேன். சயானுக்கு மட்டும் அனுப்ப வேண்டாம்னு மதினிட்ட நீங்க ஒரு வார்த்த...

வடிவு: உங்க மதினி போனே பண்ணல. சயானும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்படிச் சொன்னாலாவது வாயத் தொறப்பீங்களான்னு பாத்தேன். இந்தப் புள்ள ஹோலிக்கே எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா... நானும் எத்தன நாளுதான் தெரியாத மாதிரியே கத்துதது? எங்க அப்பா உள்ளதான் இருக்காவ, நேராவே வந்து பொண்ணு கேளுங்க. வாங்க.