நிறை நூற்றொன்பதைக் கண்டெடுத்த தலைவருக்கு

காற்றையே கைதுசெய்து விசாரித்த கோமானே! கண்ணுக்குத் தெரியாத துகளிடமும் கணக்குக் கேட்ட காவலரே! கரிம நைட்ரஜன் சேர்மங்கள் யாவும் தங்கள் காலடி ஓசை கேட்டாலே சிதறிப்போகும் என்பர். நாங்களும் சிதறினோம், பெரும்பாலும் கேன்டீன் பக்கமாக.

மொட்டைமாடிக் காற்றின் துகளை வடிதாளில் பிடித்து, நிறைமாலைக் கருவியில் உடைத்து, உடைந்த துண்டுகளின் எடையைக் கொண்டே மூலக்கூறின் பூர்வீகம் சொல்லும் தங்கள் கூர்மதியை என்னென்போம்! மாடியில் ஒளிந்து புகைத்த ஸ்டோர்காரரை நிக்கோட்டினை வைத்தே பிடித்தீர்கள். அன்றுமுதல் அவர் மூச்சுவிடவே யோசிக்கிறார்.

அத்தகைய தாங்கள் கண்டெடுத்த மாணிக்கம், கருவியின் வரைபடத்தில் நிறை நூற்றொன்பதில் எழும் அந்த முகடு! பின்தெருச் சாயப்பட்டறைதான் அதைக் காற்றில் கலக்கிறது என்று அறிக்கை எழுதினீர்கள். அது நாளை மேலிடம் போகிறது. போனால் பட்டறைக்குப் பூட்டு. கருவியை இயக்கும் நம் அக்காவின் தம்பிக்கு அங்கேதான் வேலை.

அக்காவுக்குச் சில வாரங்களாக உறக்கமில்லை. தாங்கள் விடுப்பிலிருந்த நாட்களில் பட்டறை ஓடியது. அக்காவே பொருத்திய வடிதாளில் அந்த முகடு மட்டும் இல்லை.

"நீங்க போய்ச் சொல்லுங்கண்ணே" என்று கணக்கரிடம் கெஞ்சினார்.

"எனக்கு இன்னும் புரமோஷன் வரலம்மா. நீயே சொல்லேன்."

"தம்பிக்காகப் பேசுறியான்னு ஒரு பார்வை பார்ப்பாரே, நான் அங்கயே செத்துடுவேன்!"

எனவே, தாங்கள் குறுக்கே பேச முடியாத ஒரே வேளை இந்தப் பிரிவுபசார விழாவில் பாராட்டு மடல் வாசிக்கும் வேளையே எனத் துணிந்தோம். வாசிப்பவர் அக்காதான். குரல் நடுங்கினால் அது முழுவதும் பிரிவுத்துயர் என்று கொள்ள வேண்டாம்.

வடிதாளைப் பிறர் தொடலாகாதென்று விதித்து, கையுறை அணிந்து, மீசையை இருபுறமும் முறுக்கி நீவி, அதே விரல்களால் தாளை எடுத்துப் பொருத்தும் தங்கள் கம்பீரம் இனி எவருக்கு வாய்க்கும்!

நலம் குன்றாது நெடிது வாழ்க! அறிக்கையை இன்று மாலைக்குள் திரும்பப் பெறுக!

அன்பும் அதனினும் மிகுந்த அச்சமும் கொண்ட,
ஆய்வகப் பணியாளர்கள்

பி.கு.: கைகழுவும் தொட்டியருகே தாங்கள் மறந்து வைத்த மீசைச் சாயத்தில் ஒரு துளியைக் கருவியில் செலுத்தினோம். நூற்றொன்பது.