எதிரெதிர் வாசல்

— ஆகவே, அன்பான பார்வையாளர்களே, நம் நார்வே மலைக்கிராமங்களின் ஒற்றுமைக்கு இவ்விரு மரவீடுகளே சாட்சி! இடப்பக்கம் அண்ணன் குடும்பம், வலப்பக்கம் தம்பி குடும்பம். கஞ்சிக் கிண்ணம் இவ்வாசலிலிருந்து அவ்வாசலுக்குக் கைமாறிய வண்ணமே இருக்கும்.

— தம்பி, கொஞ்சம் நிறுத்துறியா? நான் ஹல்வோர். இந்த இடப்பக்கத்து வீட்டுலதான் பொறந்தேன். எதிர்வீட்டுக்காரன் எங்களுக்கு அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. தாத்தா காலத்துலருந்து பேச்சுவார்த்தையே கிடையாது.

— ஐயா, எமது அருங்காட்சியகத்தின் ஆழ்ந்த ஆய்வின்படி...

— ஆய்வு கிடக்கட்டும். ஊர்ல எங்க வீடு அவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னுச்சு. நீங்க ரெண்டையும் பலகை பலகையா பிரிச்சு, இந்த அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்து மூஞ்சிக்கு மூஞ்சி நிறுத்தியிருக்கீங்க. திருப்பி வைக்கணும். உங்க இயக்குநரைப் பார்க்காம போக மாட்டேன்.

— வழிகாட்டித் தம்பி, நீங்க மத்தவங்களைக் கோழிக்கூண்டுப் பக்கம் கூட்டிட்டுப் போங்க. அங்க யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க. இவரை நான் பார்த்துக்கறேன்.

— ராக்னாவா?

— அட, பேரு ஞாபகம் இருக்கே. எதிர்வீட்டுக்காரியேதான். பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு. இன்னிக்குத்தான் வாயைத் திறக்கிறே.

— பேசினா அப்பா தோலை உரிச்சிருப்பார். எங்க ஆட்டுக்கடாவைத் திருடின குடும்பமாச்சே.

— எங்க வீட்டுல, திருடினது நீங்கன்னு சொல்வாங்க. தின்னவங்க நிம்மதியா போய்ச் சேர்ந்துட்டாங்க. அஜீரணம் மட்டும் நமக்கு.

— சிரிக்க வைக்காதே, நான் கோவமா வந்திருக்கேன். உங்க வாசல்ல முழிக்கக் கூடாதுன்னு அப்பா கடைசிவரைக்கும் சொல்லிட்டிருந்தார். அவர் பேச்சையாவது காப்பாத்தணும்.

— அப்போ இயக்குநர்கிட்ட போகாதே. கதை அளந்தது அந்தப் பையன். வீடுகளை இப்படி வைக்கச் சொன்னது நான். இல்லேன்னா எங்க வீட்டைத் தரமாட்டேன்னுட்டேன்.

— உனக்கென்ன பைத்தியமா?

— எங்கப்பா பனிச்சரிவுல சிக்கிச் செத்துப்போன குளிர்காலம். எரிக்க ஒண்ணுமில்லாம அம்மா நாற்காலியை உடைச்சாங்க. மறுநாள்லருந்து விடிஞ்சா வாசல்ல பொளந்த விறகு, வரிசையா. பனி உருகுற வரைக்கும். யாருன்னு பார்க்க ஒருநாள் சீக்கிரமே எழுந்து காத்திருந்தேன்.

— யாரு, பாதிரியாரா?

— உங்கப்பா. என்னைப் பார்த்ததும் உதட்டுல விரலை வச்சார். "எங்க வீட்டுல சொல்லிடாதேம்மா"ன்னார். நன்றி சொல்லக்கூட விடல, ஹல்வோர். ஆளு போயிட்டார், அவர் வீடாவது இருக்கேன்னுதான் எங்க வீட்டை அது முன்னாடி நிக்க வச்சேன்.