யாரும் கேக்கலையா

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள் மேடம். அது போடுகிற சத்தத்தில் நான் பேசுவது பாதி உங்களுக்கு எட்டாது. பிறகு நான் எதையோ விழுங்கிவிட்டேன் என்று ஆகும். அரைகுறையாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

பெயர் கார்குழலி. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். பழிக்குப் பழி கொலைகள் ஏன் நடக்கின்றன, அவற்றைத் தடுப்பது எப்படி என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. தீபன் கொலை வழக்கில் நிபுணர் கருத்துச் சொல்லத்தான் என்னை இந்த ஸ்டேஷனுக்கு அழைத்தீர்கள். நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "இந்தப் பசங்க ஏன் மேடம் இப்படி வெட்டிக்கினு சாவுறானுங்க?" என்றீர்கள். நல்ல கேள்வி. இந்த ஒரு கொலைக்காவது காரணம் எனக்கு முழுசாகத் தெரியும்.

அதற்கு நீங்கள் ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். 'கேட்பது.' எல்லா ஊரிலும் கேட்பது என்றால் விசாரிப்பது, காதில் வாங்குவது. எங்கள் பக்கமும் அப்படித்தான். ஆனால் வெட்டுப்பட்டுச் செத்தவன் வீட்டில் போய் 'கேட்டாச்சா' என்றால், பதிலுக்கு வெட்டியாச்சா என்று பொருள்.

ஆய்வு தொடங்கிய புதிதில் புளியந்தோப்பில் ஒரு வீட்டுக்குப் போனேன். அண்ணனைப் பறிகொடுத்த பையன். அதிகாரிகள் யாராவது விசாரிக்க வந்தார்களா என்ற எண்ணத்தில், "இதுக்கு யாரும் வந்து கேக்கலையா?" என்றேன். ராயபுரத்துக்காரி நான் யோசித்துப் பேசியிருக்க வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ் தலைக்கேறியிருந்த நேரம். பையன் முகம் கறுத்துப்போனது. அந்த மாதமே அவன் ஒருவனை வெட்டினான். எனக்குச் சோறு இறங்கவில்லை. அழுதேன். அது தெரியாமல் நடந்த பிழை.

அழுது முடித்ததும் புத்தி வேலை செய்தது. வறுமை, குடி, வேலையின்மை என்று கொலைக்கான காரணங்களை எழுதி எழுதி நூலக அலமாரிகள் நிரம்பிக் கிடக்கின்றன. ஒரு சொல் கொலை செய்ய வைக்கும் என்று யாரும் நிறுவியதாக நான் படித்ததில்லை. நிறுவிவிட்டால் சொல்லை நிறுத்தலாம், கொலையும் நிற்கும். என் வழிகாட்டி ஆறுமுகநயினார் சாரிடம் சொன்னேன். "ஒரே ஒரு கேஸ வெச்சிக்கிட்டு வாயத் தொறக்காதம்மா. இன்னொண்ணு கெடைச்சா பாக்கலாம்" என்றார். பாவம், ஒரு பேச்சுக்குச் சொன்னார். அவரை இதில் இழுக்காதீர்கள்.

அந்த இன்னொன்றுக்காகத்தான் மங்கம்மா வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். எண்ணூர் போகிற வழியில் கடலோரக் குப்பம். அவளுடைய மூத்த மகன் ரகுபதியை, படகு நிறுத்துகிற தகராறில் சுப்புராஜ் என்பவன் வெட்டிக் கொன்றுவிட்டு ஜாமீனில் வந்திருந்தான். இளையவன் தீபன். மிஞ்சிய ஒரு பிள்ளையாவது உயிரோடு இருக்கட்டும் என்று மங்கம்மா அவனைக் கடலுக்கே விடவில்லை. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலைக்கு யார் யார் காலையோ பிடித்து ஏற்பாடு செய்தாள். முதல் நாளே என்னை வாசலில் நிறுத்திக்கொண்டாள்.

"எத்தினி தபா வேணா வாம்மா, இன்னா வேணா எழுதிக்கோ. 'யாரும் கேக்கலையா'ன்ற பேச்ச மட்டும் எம்புள்ள காதுல போட்றாத. இந்தக் குப்பத்துல ஒர்த்தரும் போடல. அதனாலதான் அவன் வூட்ல கீறான்."

சரி என்று தலையாட்டினேன். நெத்திலி வறுத்துப் போட்டாள். அந்த அம்மாளை எனக்கு உண்மையிலேயே பிடிக்கும், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அமைதியாக இருந்த வீடு என்பதால்தான் அதை எடுத்தேன். ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கிற வீட்டில் போய்க் கேட்டுவிட்டு, என் சொல்லால்தான் கொலை நடந்தது என்றால் யார் நம்புவார்கள்?

மங்கம்மா காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போயிருந்த ஒரு நாள் தீபனிடம் கேட்டேன். "ஏன் தம்பி, அண்ணனுக்கு இன்னும் யாரும் கேக்கலையா?"

"அம்மா வாணான்னுச்சுக்கா. நான் வேலைக்குப் போறேன்" என்றான். சொன்னபடியே போனான். வாரங்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் மனம் விட்டுப்போயிருப்பார்கள். நான் ஆய்வு முறையில் ஒரு சின்னத் திருத்தம் செய்தேன்.

முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை வாங்கிக்கொண்டு அவன் வந்த அன்று கூட்டாளிகள் சூழ்ந்து நின்று கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். மங்கம்மா உள்ளே போய் அதைக் கட்டிக்கொண்டிருந்தாள். எல்லார் காதிலும் விழும்படிச் சொன்னேன்.

"சுப்புராஜப் பாத்தேன் தம்பி. 'ரகுபதிக்குக் கேக்க அந்த வூட்ல யார் கீறா? பொடவ கட்ன பொம்பள ஒண்ணு கீது, கட்டாத பொம்பள ஒண்ணு கீது'ன்னு சிரிக்கிறான்."

கூட்டாளிகள் ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். தீபன் மட்டும் என்னைப் பார்த்து, "கேப்பாங்கக்கா" என்றான்.

சுப்புராஜ் அப்படிச் சொல்லவில்லை மேடம். அவனைப் பார்த்தது நிஜம். அவன் வேலை பார்க்கிற ஐஸ் கம்பெனி வாசலில் பார்த்தேன். அழுதான். "அந்தம்மா கால்ல வுழணும். நீ அங்க போய்க்கினு வந்துக்கினு கீற, என்னிய ஒரு தபா கூட்டினு போறியா?" என்றான். பார்க்கலாம் என்றேன். அவனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் அந்த வீட்டை ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.

மறுநாள் தீபன் வேலைக்குப் போகவில்லை. கத்தியோடு ஐஸ் கம்பெனிக்குப் போனான். ஜாமீனில் வந்தவன் இடுப்பில் எப்போதும் கத்தி இருக்கும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். செத்தது தீபன் என்பதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் கிளம்பிப் போனது அவன். பிணம் யார் பக்கம் விழுந்தாலும் என் ஆய்வுக்கு ஒன்றுதான்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? முடித்துவிடுகிறேன்.

சாவு வீட்டுக்குப் போனேன். மங்கம்மா அந்தப் புடவையோடுதான் கிடந்தாள். என் கையைப் பிடித்து முகத்தில் அறைந்துகொண்டு, "நீ கூட இருந்தியேம்மா. நீ நாலு நல்ல வார்த்த சொன்னா கேட்டிருப்பானே" என்று கதறினாள். நானும் சேர்ந்து அழுதேன். நான் கல் இல்லை மேடம்.

தீபனை அனுப்பியது நான்தான். பொய் சொல்லி, ஆள் சேர்ந்த நேரம் பார்த்து அனுப்பினேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் ஆய்வால் யாருக்கு என்ன பயன் என்று நாளைக்கு நீதிமன்றத்தில் கேட்பார்கள், அதையும் சேர்த்து எழுதுங்கள். மங்கம்மாவுக்கு இனி பிள்ளை இல்லை. அந்த வீட்டிலிருந்து இனி ஒரு கொலை கிளம்பாது. தடுப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.