தொட்டில் பக்கத்துக் குழாய்

— ஏம்மா, தண்ணியும் பிடிக்கல, கையும் கழுவல. அந்த இரும்புக் குழாய என்னத்துக்குத் தொட்ட?

— பழக்கதோசம் சிஸ்டர். விஸ்வநத்தத்துல வெடிக் கம்பெனில வேலை. வெடிமருந்து ரூமுக்குள்ள நுழையுமுன்ன வாசல்ல இருக்க செம்புத் தகட்டத் தொடணும். உடம்புல உள்ள கரண்டு இறங்கிரும், பொறி வராதுன்னு ஃபோர்மேன் சொல்லுவாக. இப்ப எங்க வீட்டுக் கதவக்கூட எதையாச்சும் தொட்டுட்டுத்தான் தொறக்கேன்.

— இங்க என்ன வெடியா அடுக்கி வச்சிருக்கு? ஆஸ்பத்திரி வாசல், ஒரு தொட்டில், அவ்வளவுதான்.

— அந்தத் தொட்டிலப் பாக்கத்தான் வந்தேன். ஜெமிமா சிஸ்டர் நீங்கதானே? சட்டையில போட்டிருக்கு. இதுல பிள்ளையப் போட்டா மணி அடிக்குமாமே, மெய்யா?

— அடிக்கும், எங்க ரூம்ல. அடிச்சதும் ஓடி வர மாட்டேன். கொஞ்சம் பொறுத்துத்தான் வருவேன்.

— ஆத்தாடி, பிள்ளை அழுமே!

— வச்சுட்டுப் போறவ பயப்படாம வாசலத் தாண்டணும்ல. அவ முகத்தப் பார்க்கக் கூடாதுங்கறது எங்க முறை.

— இந்தத் துணி நூலா, நைலானா?

— நூல்தான். ஏன்?

— நைலான்னா உரசுனா பொறி வரும். சரி, யாரு போட்டான்னு தேட மாட்டீகளா?

— மாட்டோம். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். கேஸ் கிடையாது. முள்ளுக்காட்டுல போட்டாத்தான் போலீஸ் வரும். ஆமா, உன் பேர் என்ன?

— பேர் வேண்டாம்னீக!

— அது பிள்ளைய வைக்கிறவளுக்கு. நீ வேடிக்கை பார்க்க வந்தவதானே?

— பாண்டிலட்சுமி. எனக்கில்ல சிஸ்டர், நாரணாபுரத்துல ஒருத்தி இருக்கா. அவளுக்குக் கேட்டுச் சொல்லணும்.

— கேளும்மா, அவள நேராவே வரச் சொல்லு. விருதுநகர்ல குழந்தைகள் நலக் குழு இருக்கு. அவங்க முன்னால ஒப்படைச்சா, மனசு மாறுறதுக்கு ரெண்டு மாசம் தவணை உண்டு.

— மனசு மாறுனா வைய மாட்டாகளா?

— வையுறதுக்கா தவணை குடுக்காங்க?

— சொல்லாம கொள்ளாம தொட்டில்ல போட்டுட்டுப் போனவளுக்கு?

— அவளும் வரலாம். பேப்பர்ல விளம்பரம் போடுவாங்க. பெத்தவ வந்து கேட்டா விசாரிப்பாங்க, ரத்தம் எடுத்துப் பார்ப்பாங்க, அப்புறம் குடுப்பாங்க. யாரும் வராட்டித்தான் தத்துக்குப் போகும். ஏன், அந்தப் பொண்ணுக்கு என்ன கஷ்டம்? புருஷன் விட்டுட்டானா?

— ஐயோ, தங்கமான மனுசன். சீசன் லோடு ஏத்திட்டு வடக்க போயிருக்காக.

— பொம்பளப் பிள்ளைன்னு மாமியா ஏசுறாளா?

— மாமியா இல்ல. வீட்டுக்காரவுக பொம்பளப் பிள்ளைதான் வேணும்னு பிறக்கும் முன்னமே கொலுசு வாங்கி வச்சவுக.

— அப்புறம் எதுக்கும்மா தொட்டில்? ஆண்டவரே, எனக்கே விளங்கலையே!

— ஒண்ணு கேக்கேன், சிரிக்கக் கூடாது. மருந்து ஏறுன பிள்ளைய வளக்க முடியுமா?

— என்ன மருந்து?

— கந்தகம். வயித்துப் பிள்ளையோட அவ கந்தகம் சலிச்சா. எம்புட்டுத் தேய்ச்சாலும் நகக்கண்ணுல மஞ்ச போகாது. பிள்ளை பிறக்கையில செவசெவன்னு இருந்துச்சு. ரெண்டு நாள் பால் குடிச்சது, முகமெல்லாம் மஞ்ச. பிறகு கண்ணும் மஞ்ச. பால் வழியா இறங்கிருச்சு. கந்தகத்துல பொறி பட்டா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும் சிஸ்டர். அவ அடுப்புப் பத்த வைக்கவே பயந்துட்டா. பக்கத்து வீட்டுல பீடி பத்த வச்சாக்கூட பிள்ளையத் தூக்கிட்டுத் தெருவுக்கு ஓடுவா.

— பாண்டிலட்சுமி, இங்க என்னைப் பாரு. அது கந்தகம் இல்ல, காமாலை. பச்சப் பிள்ளைங்க நிறையப் பேருக்கு வரும். வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கு வரும், டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் வரும். என் மகன் டென்னிஸ் எலுமிச்சம்பழம் கணக்கா இருந்தான். நீல லைட்டுக்கு அடியில போட்டோம், இறங்கிருச்சு.

— பால்ல இருந்து வரல?

— கந்தகம் பால்ல வராது.

— கையில இருந்து?

— வரவே வராதும்மா. போன வாரம் விடியக்கால இந்தத் தொட்டிலுக்கு வந்த பிள்ளையும் மஞ்சளாத்தான் வந்துச்சு. இப்ப உள்ள வந்து பாரு, கண்ணு வெள்ளவெளேர்னு இருக்கு. திங்கக்கிழமை குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்புறோம். வா, காட்டுறேன். ஏம்மா, மறுபடியும் எதுக்குக் குழாயப் பிடிச்சுட்டு நிக்க?

— கரண்டு இறங்கட்டும்னுதான் சிஸ்டர். இனி எம்பிள்ளைய நான் தூக்கலாம்ல?