வலதுபக்க இன்ஜின் மவுண்டும் மாற்றுச் சாவியும்

குற்றாலம் காவல் நிலையம், 14.07.2024 ஞாயிறு, பிற்பகல் 3.10 மணி.

ஹைருன் பீவி, வயது 53, கணவர் பெயர் துல்கர்னைன், புதுமனை மூன்றாம் தெரு, தென்காசி. காலையிலிருந்து மனுதாரரின் மனைவி என்ற முறையில் இதே நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் நான், யாரும் கூப்பிடாமல் நானாக எழுந்து வந்து, உதவி ஆய்வாளர் உமாராணி அவர்கள் முன்பாகச் சொல்வதாவது:

நான் மேற்படி முகவரியில் என் கணவருடன் குடியிருக்கிறேன். என் கணவர் சவுதியில் இருபத்துநான்கு வருடம் டிரெய்லர் ஓட்டிவிட்டு, போன வருடம்தான் ஊரோடு வந்தார். எங்கள் ஒரே மகள் முஹ்ஸினா கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறாள். என் கணவர் வந்ததும் பழைய டீசல் கார் ஒன்று வாங்கினார். அதை வேறு யாரையும் தொட விடமாட்டார்.

கடந்த ஏப்ரலில் காரைக் கிளப்பும்போது 'டங்' என்று சத்தம் வந்ததால் இலஞ்சி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஸ்டான்லி என்பவரிடம் கொண்டுபோனோம். இவரைத்தான் இப்போது இங்கே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, இன்ஜினைத் தாங்கும் வலதுபக்க மவுண்ட் கிழிந்து அதற்குள் இருந்த எண்ணெய் ஒழுகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். அதன்பிறகு இரண்டு விதமான மவுண்டை மேஜையில் வைத்துக் காட்டினார். "பாய், இது ஹைட்ராலிக். உள்ள எண்ணெய் இருக்கு, இன்ஜின் ஆட்டத்த அதுவே குடிச்சிரும். இது வெறும் கட்டி ரப்பர். வருசக்கணக்கா உழைக்கும். ஆனா ஆடுத ஆட்டம் பூரா சீட்டுக்கு வந்துரும்" என்றார். கம்பெனியில் போட்டு வந்தது ஹைட்ராலிக்தான், அதையே போடுவது நல்லது என்றும் சொன்னார். அதற்கு என் கணவர், "ஒழுகுன சாமானையே திரும்பவும் போடச் சொல்லுத. ஓட்டுதவனுக்கு இன்ஜின் பேசுதது கேக்கணும்லே. கட்டி ரப்பரையே போடு" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அன்று முதல் அந்தக் கார் நின்றால் நடுங்கும். ஓடும்போது பரவாயில்லை. ரயில்வே கேட்டிலோ பஸ் ஸ்டாண்டு முன்பாகவோ நின்றால் என் மேல்வரிசைப் பல்செட் கீழ்வரிசையோடு அடித்துக்கொள்ளும். அதனால் பல்செட்டைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு பயணம் செய்து வந்தேன். வழியில் தெரிந்தவர்கள் கை காட்டினால் நான் சிரிப்பதில்லை. இதனால் என் மதினிக்கு என்மேல் வருத்தம் ஏற்பட்டது.

கடந்த மாதம் கேட் அடைத்திருந்தபோது முஹ்ஸினா போன் செய்தாள். வண்டி நடுங்கியதில் என் குரலும் நடுங்கியது. அவள் "உம்மா, எதுக்கு அழுறீங்க? வாப்பா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். நான் அழவில்லை என்று சொன்னேன். அதுவும் நடுங்கித்தான் கேட்டிருக்கிறது. அவள் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லி, நாங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் என் தம்பிமார் இரண்டு பேரும் மதினியும் பக்கத்துத் தெரு ஹாஜியாரும் எங்களுக்குச் சமாதானம் பேச வாசலில் நின்றார்கள். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை, இது வண்டிக் கோளாறு என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. ஹாஜியார் என் கணவருக்கு அரைமணி நேரம் புத்தி சொன்னார். என் கணவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு நான் தனியாக ஆட்டோ பிடித்து ஸ்டான்லியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், ஹைட்ராலிக் மவுண்ட் ஒன்று வரவழைத்து என் கணவருக்குத் தெரியாமல் மாட்டித் தரவேண்டும் என்று கேட்டேன். அவர் "வேண்டாம்க்கா, பாய்க்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சிருவாரு" என்று மறுத்தார். நான் பல்செட்டைக் கழற்றிக் காட்டினேன். அதன்பிறகு சம்மதித்தார். முக்கால் மணி நேர வேலை, வண்டி தனியாகக் கிடைக்க வேண்டும் என்றார். என் கணவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கும் காரில்தான் போவார். சீசனுக்கு ஐந்தருவியில் குளிக்கும்போது மட்டும்தான் அதை விட்டு விலகுவார். எண்ணெய் தேய்ப்புக்கு அரைமணி, அருவியில் வரிசைக்கு ஒரு மணி என்று கணக்குப் போட்டு, இன்றைய தேதியை நான்தான் குறித்தேன். வீட்டு பீரோவில் இருந்த மாற்றுச் சாவியையும் நான்தான் ஸ்டான்லி கையில் கொடுத்தேன். என்ன நடந்தாலும் என் பெயரைச் சொல்லக்கூடாது என்று அவரிடம் வாக்கு வாங்கினேன்.

இன்று காலை சுமார் 10 மணிக்கு ஐந்தருவி கார் நிறுத்தத்தில் வண்டியை விட்டோம். எனக்கு முட்டு வலி என்று சொல்லிவிட்டு நான் பழக்கடைப் பக்கம் நின்றேன். என் கணவர் துண்டோடு எண்ணெய் தேய்க்கப் போனார். அவர் தலை மறைந்ததும் ஸ்டான்லி வந்து, மாற்றுச் சாவியால் வண்டியைத் திறந்து, இன்ஜினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்துப் பழைய மவுண்டைக் கழற்றினார். என் கணவர் வரும் வழியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மங்குஸ்தான் நல்லதாக இருந்ததால் அதைப் பொறுக்கிக்கொண்டு நின்றுவிட்டேன். இதை நான் மறைக்க விரும்பவில்லை.

அப்போது அருவியில் திடீரென்று தண்ணீர் வரத்து கூடி, குளிக்கத் தடை என்று மைக்கில் சொல்லியிருக்கிறார்கள். என் கணவர் உச்சி முதல் பாதம் வரை எண்ணெயோடு, குளிக்காமல், கோபமாகத் திரும்பி வந்திருக்கிறார். நான் சத்தம் கேட்டுத் திரும்பியபோது அவர், "ஏலே, போட்ட நீயே வந்து களவாங்குதியா?" என்று கத்திக்கொண்டு ஸ்டான்லியைப் பிடித்திருந்தார். எண்ணெயில் பிடி நிற்கவில்லை. ஸ்டான்லி அவரைத் தள்ளிவிடப் பார்த்தார், அந்தக் கையும் வழுக்கியது. ஐந்து நிமிடம் இருவரும் மாறி மாறிப் பிடித்ததில் ஒருவர்மேலும் அடி விழவில்லை. விலக்க வந்த காவலர் முத்துகுமரனின் சட்டை மட்டும் பாழானது. குளிக்க முடியாமல் திரும்பிய கூட்டம் முழுவதும் சுற்றி நின்று வீடியோ எடுத்தது.

என் கணவர் என்னைப் பார்த்து, "ஏட்டி, நம்ம இன்ஜினையே தூக்கப் பாத்திருக்கான்" என்றார். நான் பழப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்டான்லி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதன்பிறகு எல்லோரும் நிலையத்துக்கு வந்தோம். என் கணவர் மனு எழுதிக் கொடுத்தார். சாவி எப்படிக் கிடைத்தது என்று தாங்கள் நாலு தடவை கேட்டும் ஸ்டான்லி வாய் திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பதில் வராவிட்டால் திருட்டு வழக்குப் பதிவாகும் என்று தாங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதும் நான் பேசவில்லை.

மதியம் சுமார் இரண்டரை மணிக்கு ஸ்டான்லியின் மனைவி ஷாரோன் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். அவளை நான் முன்பின் பார்த்ததில்லை, அவளுக்கும் என்னைத் தெரியாது. என் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரரையும் புடிச்சுட்டாங்களாக்கா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் தூக்கைத் திறந்து, மூடியில் சோறும் பாதி முட்டையும் வைத்து என்னிடம் நீட்டி, "சாப்புடுங்க. நாம பட்டினி கெடந்தா மட்டும் வெளிய விட்டுருவாகளா?" என்றாள். நான் ஒரு வாய் எடுத்தேன். மூடியை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து தங்கள் மேஜைக்கு வந்தேன்.

ஆகவே ஸ்டான்லி திருட வரவில்லை. இன்ஜின் யாருக்கும் வேண்டாம். கழற்றியது, மாட்டவிருந்தது, சாவி, தேதி எல்லாம் என் ஏற்பாடு. குற்றம் என்றால் என் பெயரை எழுதிக்கொள்ளவும்.

நான் இவ்வளவும் சொல்லி முடித்தபோது, வெளியில் நின்ற என் கணவரைத் தாங்கள் உள்ளே அழைத்து விவரம் சொன்னீர்கள். அவர் எண்ணெய் காயாமல் துண்டோடு நின்றபடி, "இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?" என்று என்னிடம் கேட்டார். "நாலு தடவை சொன்னேன். வண்டி ஸ்டார்ட்டுல நின்னுச்சு. உங்களுக்குக் கேக்கல" என்றேன். எழுத்தர் தில்லைநாயகம் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

அதன்பிறகு என் கணவர் மனுவைத் திரும்பப் பெறுவதாகத் தங்களிடம் சொன்னார். ஸ்டான்லியிடம் போய், "வண்டி அங்கன ஜாக்கில நிக்கி, வா, மாட்டிரு" என்றார். ஸ்டான்லி, "எதை மாட்ட பாய்?" என்று கேட்டார். நிலையத்துக்கு வந்தபின் அவர் பேசிய முதல் வார்த்தை அது. என் கணவர் என் பக்கம் கையைக் காட்டினார். நான் சொன்னேன்.

இதில் எழுதியிருப்பதை எழுத்தர் முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்துக் காட்டினார். என் கணவரும் பக்கத்தில் நின்று, இடையில் பேசாமல், முழுவதையும் கேட்டார். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

(ஒப்பம்)
து. ஹைருன் பீவி