‘முடியாது’ என்றவருக்கு நாற்காலி தந்தவரே

வெந்நீராவிக்கு நடுவிலும் வெகுளாத வித்தகியே! வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே விளங்கிய கறைபடாக் கண்ணியமே! மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளராக முப்பது ஆண்டுகள் முறைதவறாது பணியாற்றி, இன்று விடைபெறும் அம்மையீர், வணக்கம்.

மடலும் வேண்டாம், மேடையும் வேண்டாம் என்று தாங்கள் இட்ட கடைசி உத்தரவை வழக்கம்போல் நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துவைப்பவர் சொன்னால் உலர்த்துபவர் கேட்க மாட்டார். உலர்த்துபவர் சொன்னால் இஸ்திரிப் பிரிவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இப்படிப்பட்ட எங்களைக் கட்டி மேய்க்கத் தாங்கள் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. புருவத்தை மட்டும் உயர்த்துவீர்கள். பாதிப் பேர் அதற்கே அடங்கிவிடுவோம்.

மீதிப் பேருக்காகத் தாங்கள் கொண்டுவந்ததுதான் நாற்காலி வழக்கம். ஒரு வேலையைச் செய்ய மாட்டேன் என்று எவரேனும் மறுத்தால், அவர் தங்கள் நாற்காலியில் போய் உட்கார வேண்டும். அவர் வேலையைத் தாங்கள் செய்வீர்கள். காரணம் சொல்லத் தோன்றும்போது எழுந்து வரலாம். அந்த நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்தவர் எங்களில் ஒருவரே.

எதற்கெடுத்தாலும் மறுப்பதால் நாங்கள் ‘முடியாதார்’ என்று அழைக்கும் உலர்த்துநர்தான் அவர். மேலாளர் பார்வையிட வந்த அன்று, ஈரத்துணி மூட்டையைத் தங்கள் காலடியில் எறிந்து, “நீங்களே போட்டுக்குங்க” என்றார். பிறகு கால்மேல் கால் போட்டு அமர்ந்து தேநீரும் வரவழைத்தார். தாங்கள் அந்த மூட்டையைத் தூக்கி, மதியம் வரை உலர்த்தும் இயந்திரத்தின் முன் நின்றீர்கள். கடைசியில் எழுந்து வந்தவர் சொன்ன காரணம், “ஒண்ணுமில்ல, வீட்ல சண்டை.”

நோயாளிகளின் அழுக்குத் துணி பிரிக்கும் வேலைக்கு அவரை அன்றே மாற்றினீர்கள். தண்டனையில் தயவு காட்டவில்லை. ஆனால் மேலாளருக்கு அது போதவில்லை. “அவனை வேலையை விட்டு அனுப்புங்க. இல்லேன்னா உங்க பதவி உயர்வை மறந்துடுங்க” என்றார். தாங்கள் சொன்ன பதில் கூடம் முழுக்கக் கேட்டது: “அவர் பேசினது தப்புதான் சார். ஆனா தப்பாப் பேசினவரை இன்னிக்கு அனுப்பிட்டா, சரியாப் பேச வேண்டியவங்க நாளைக்கு வாயே திறக்க மாட்டாங்க.”

முடியாதாரின் வேலை தப்பியது. தங்கள் பதவி உயர்வு வரவேயில்லை. அந்த வருத்தம் எங்களுக்கு இன்றும் உண்டு. முடியாதாருக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு.

தாங்கள் சொன்ன அந்த நாளும் வந்தது. இஸ்திரிப் பிரிவில் ஒரு சகோதரி இருக்கிறார். அதிர்ந்து பேசாதவர், எந்த உத்தரவுக்கும் தலையாட்டுபவர். அறுவைச் சிகிச்சைக்கு விரிப்புகள் அவசரமாகத் தேவைப்பட்ட ஒரு காலையில் அவர் விரிப்புகளைச் சூட்டில் அழுத்தித் தேய்க்கும் உருளை இயந்திரத்தை விட்டு விலகி, “என்னால முடியாதும்மா” என்று சொல்லித் தங்கள் நாற்காலியில் அமர்ந்தார். காரணம் சொல்ல நா எழவில்லை. வழக்கப்படி அவர் இடத்தில் தாங்கள் நின்றீர்கள். தம் கையையே இயந்திரத்திடம் கொடுக்கப்போகிறவர் எதையும் ஒருமுறை சோதித்துத்தானே பார்ப்பார்? ஆபத்தில் அழுத்த வேண்டிய நிறுத்தக் கம்பியை அழுத்தினீர்கள். கொதிக்கும் உருளை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு வந்து, அச்சகோதரியின் தோளில் கைவைத்து, “நல்லவேளை, மாட்டேன்னு சொன்னே” என்றீர்கள். மறுத்ததற்காக ஒருவர் பாராட்டப்பட்டதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

நலம் குன்றாமல், நடை தளராமல், நல்லுறக்கமும் நகைமுகமும் நாளும் துணைநிற்க, தாங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும்.

இம்மடலை வாசிப்பது யார் என்று நாங்கள் கலந்து பேசியபோது, எவரும் கேட்காமலே கை தூக்கியவர் அந்தச் சகோதரி. இப்போது தங்கள் முன் இதைப் பிடித்திருப்பவை அவருடைய இரண்டு கைகள்தான்.

இங்ஙனம்,
மறுக்கத் தெரிந்த, மறக்கத் தெரியாத
சலவைக்கூடப் பணியாளர்கள்