துண்டுக்கு அடியில் ஒரு கை

— வாய் தொறந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க மச்சான்.

— யாரு வாயி?

— உங்க வாயிதான். நேத்து சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்ச நேரம், போட்டு ஜெட்டியில. எர்ணாகுளத்துப் படகுலேருந்து சுல்ஃபத் இறங்கி வர்றா, தாவூது ராவுத்தர் வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கறாரு. பக்கத்து வீட்டு லதீஃபா அக்கா ரெண்டு கண்ணாலயும் பார்த்திருக்கா.

— லதீஃபாவுக்கு வேற ஜோலி இல்ல. பழைய ஆளு எதிர்பாராம எதிர்ல வந்து நின்னா யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

— பழைய ஆளு. உங்க தாய்மாமா மக, உங்களுக்குன்னே பேசி வெச்சிருந்தவ, கடைசி நேரத்துல கொழும்புக்காரருக்கு வாக்கப்பட்டுப் போனவ. அத்தனையையும் அழகா ஒரே மூட்டையில கட்டி ‘பழைய ஆளு’ன்னு முத்திரை குத்திட்டீங்களாக்கும்.

— மாமா கட்டிக் குடுத்தாரு, அவ போனா. பத்து வருஷமாச்சு. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கான்னு நெனைச்ச ஆளு இங்க பலகை மேல நடந்து வந்தா, மனசு ஒரு தட்டுத் தட்டும். அதுக்கு மேல ஒண்ணுமில்ல ஜுமைலா.

— அப்ப பொட்டலம் ஏன் விழுந்துச்சு?

— எந்தப் பொட்டலம்?

— சாம்பிள் மொளகுப் பொட்டலம். கையிலேருந்து நழுவி ஜெட்டி பூரா செதறிச்சாமே. போட்டுல வந்தவங்க எல்லாம் அது மேல கால வெச்சு வழுக்கினாங்களாமே.

— ரெண்டே பேருதான் வழுக்கினாங்க.

— சிரிக்காதீங்க. எனக்கு வயிறு எரியுது. பெட்டியைக் கட்டி வெச்சாச்சு, நாளைக்குக் காலையில பாலக்காட்டு வண்டிக்கு நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்.

— ஒரு பொட்டலம் மொளகுக்காகவா?

— அவ மேல உங்களுக்கு ஆசைன்னு நான் சொல்லல. ஆசை இருந்தா இருந்துட்டுப் போகுது, ஆம்பளைங்க மனசுல என்னென்னவோ கெடக்கும். எனக்குப் பொறாமை அந்தத் தொறந்த வாய் மேலதான். திருக்கொச்சிங்கற பேரு போயி கேரளம் ஆன வருஷம் நமக்கு நிக்காஹ். எட்டு வருஷம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னைப் பார்த்து அசந்து போயிருக்கீங்களா?

— வெறுதே, சும்மா மனசைக் கெடுத்துக்காதே. எத்தனையோ தடவை.

— ஒண்ணு சொல்லுங்க.

— சாயா போட்டியா?

— பார்த்தீங்களா, பேச்சை மாத்தறீங்க. நான் சொல்லட்டுமா? கல்யாணமான புதுசுல கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு ‘பே’ன்னு கத்தினேன். ‘மீன்காரன் வந்தானா’ன்னு கேட்டீங்க. மூத்தவன் வயித்துல இருக்கான்னு சொன்னேன். ‘அல்ஹம்துலில்லாஹ்’ன்னுட்டு செருப்பை மாட்டிக்கிட்டு பஜாருக்குப் போனீங்க. போன மழைக்கு ஓட்டுலேருந்து பாம்பு விழுந்துச்சு, உங்க தட்டுக்குப் பக்கத்துல. தட்டைத் தள்ளி வெச்சுட்டு மிச்சச் சோத்தைச் சாப்பிட்டீங்க.

— அது வெறும் சாரை.

— பாம்பைப் பார்த்துத் தொறக்காத வாய், பொண்டாட்டியைப் பார்த்துத் தொறக்காத வாய், சுல்ஃபத்துக்கு மட்டும் தொறக்குது. நான் எங்க போயி முட்டிக்க?

— மொதல்ல கேளு. நான் மொளகுத் தரகன். முகம் காட்டிக் குடுத்தா அன்னிக்கு வியாபாரம் போச்சு. நாங்க துண்டு போட்டு வெலை பேசறது உனக்குத் தெரியுமில்ல?

— தெரியாம என்ன. ரெண்டு பேரும் கையைக் கோத்து மேல துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, விரலைப் புடிச்சு வெலை சொல்லுவீங்க. சுத்தி நிக்கறவனுக்கு ஒண்ணும் புரியாது.

— ஆங். அப்ப ஒருத்தனும் முகத்தைப் பார்க்க மாட்டான். முகத்தைப் பழக்கிடலாம், கையைப் பழக்க முடியாது. நான் சொல்ற வெலை அவன் நெனைக்காத வெலைன்னா, அவன் கை ஒரு துள்ளுத் துள்ளும். கண்ணு மூடித் தொறக்கற நேரம்தான். அப்புறம் மனசு ஓடி வந்து அதுக்கு சந்தோஷம்னோ எரிச்சல்னோ ஒரு பேரு வெச்சுடும். பேரு வெக்கறதுக்கு முந்தி துள்ளுது பாரு, அதுல பொய் கெடையாது.

— அப்ப நேத்து உங்க வாய் தொறந்ததுலயும் பொய் இல்ல.

— பஜார்ல முகத்துக்குக் காவல் போட்டிருப்பேன். ஜெட்டியில காவல் இல்லாம நின்னுட்டேன்.

— வீட்டுலயுமா காவல்?

— பழக்கமாயிடுச்சு.

— எனக்கு ஆறல மச்சான். தோள்ல கெடக்கற துண்டை எடுங்க.

— எதுக்கு?

— கையைக் குடுங்க, மேல போட்டு மூடுங்க. நான் கேக்கறேன். உங்க வாய் என்ன வேணும்னாலும் சொல்லட்டும், எனக்கு உங்க கை சொன்னாப் போதும்.

— லதீஃபா ஜன்னல்ல நிக்கறா.

— நிக்கட்டும். அவ கண்ணுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும்.

— ஆயிக்கோட்டெ, ஆகட்டும். புடி.

— சுல்ஃபத்தை இன்னிக்கு ராத்திரி சோத்துக்குக் கூப்பிட்டிருக்கேன்.

— நல்ல அயிலை மீனா வாங்கிட்டு வர்றேன்.

— கை அசையல. அவ புருஷன் மவுத்தாகி ஒரு வருஷமாச்சாம். அதான் ஒரேயடியா திரும்பி வந்திருக்கா.

— தெரியும். ஜெட்டியிலயே சொன்னா.

— எங்கிட்ட நீங்க மூச்சு விடலையே.

— விட்டிருந்தா இந்தப் பெட்டியை நேத்தே கட்டியிருப்பே.

— அவளை நீங்க ரெண்டாவதா கட்டிக்கப் போறீங்கன்னு லதீஃபா அக்கா சொல்றா.

— லதீஃபா சொல்லுவா. என் கை என்ன சொல்லுது?

— மரக்கட்டையாட்டம் கெடக்குது. நாளைக்கு நான் போறேன். போனா இனிமே இந்த வீட்டுக்குத் திரும்பி வரமாட்டேன்.

— என்ன சொன்னே?

— மச்சான். இப்ப துள்ளுச்சு.

— ஆங்.

— நெசமாவே துள்ளுச்சு. சின்னக் குருவியாட்டம். உங்க முகத்தைப் பார்த்தா ஒண்ணுமே தெரியல, சாயா ஆறிப்போச்சேன்னு ஒக்காந்திருக்கற மாதிரி இருக்கு. கை மட்டும்…

— போதுமா? இப்ப வயிறு குளுந்துச்சா?

— குளுந்துச்சு. அப்பாடா. எட்டு வருஷத்துக்கு இது ஒண்ணு போதும் எனக்கு. பெட்டியைப் பிரிச்சுடறேன். சாயாவைச் சூடு பண்ணித் தர்றேன், கையை விடுங்க.

— இரு. இனி என் முறை.

— உங்க முறையா? எங்கிட்ட கேக்க என்ன இருக்கு?

— ஒண்ணுமில்லன்னா பயப்பட வேண்டாமே. துண்டுல ஒருத்தன் கேட்டா, எதிராளியும் ஒரு தடவை கேக்கணும். அதுதான் பஜார் வழக்கம்.

— கேளுங்க. நான் என்ன மொளகு வியாபாரமா பண்றேன், மறைக்கறதுக்கு.

— உன் மாமி மகன் இருக்கானே, முகைதீன் பிச்சை. உனக்குப் பேசி வெச்சு, அது முடியாமப் போயி, நம்ம நிக்காஹுக்கு முந்தின மாசம் பினாங்குக்குக் கப்பலேறினவன்.

— அவருக்கு என்ன?

— நேத்து சுல்ஃபத் வந்த அதே போட்டுலதான் அவனும் வந்து இறங்கினான்.

— யாரு?

— கையை எடுக்காதே ஜுமைலா.

— எடுக்கல. துண்டு நழுவுது, அதான். உள்ளங்கையெல்லாம் வேர்த்துப் போச்சு, இந்தப் புழுக்கத்துல. எட்டு வருஷம் கழிச்சு சொந்தக்காரர் வந்து நின்னா யாருக்கும் கொஞ்சம் அப்படி ஆகத்தானே செய்யும்.

— ஆகும். நானும் அதைத்தான் சொன்னேன்.

— எங்க தங்கியிருக்காரு? தனியாவா வந்தாரு? மெலிஞ்சிருக்காரா மச்சான், என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?

— அவன் வரல. வெறுதே சொன்னேன். எட்டு வருஷமா இந்தக் கையைப் புடிச்சிருக்கேன், இது துள்ளி இன்னிக்குத்தான் பார்க்கறேன்.